சாயோவின் மோலே கசந்த குளிர்காலம்

ஜனவரி 12, ஞாயிறு

இன்று மோலே கசந்தது. சாயோவின் மிளகாய்க் குழம்பு.

எழுதிவிட்டேன். யாராவது தோளுக்கு மேலே எட்டிப் படித்துவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது. வீட்டில் என்னைத் தவிர யாரும் இல்லை, ஆனாலும்.

அமெரிக்காவின் இந்த ஒமாஹா நகரில் எனக்கென்று ஒரு மேசை இருக்கிறது என்றால் அது சாயோவின் உணவகத்தில் ஜன்னலோர மேசைதான். அவள் அடுப்படியில், அவள் கணவர் மெல்கி கல்லாவில், மகள் யெசேனியா பரிமாற. யெசேனியாவை ஞானஸ்நானத்தின்போது கையில் ஏந்தியவள் நான், அவளுடைய மத்ரினா, ஞானத்தாய். அன்றிலிருந்து சாயோவும் நானும் கொமாத்ரே. கூடப் பிறந்தவளோடு சண்டை போடலாம், கொமாத்ரேயோடு முடியாது. இத்தனை வருடத்துக்குப் பிறகும் நாங்கள் ஒருவருக்கொருவர் ‘நீங்க’தான்.

காய்ந்த மிளகாயை எண்ணெயில் போட்டுக் கருகுமுன் எடுக்கவேண்டும். கொஞ்சம் தவறினாலும் சட்டி முழுக்கக் கசப்பு. மோலே பிறந்த மெக்ஸிகோவின் பூவெப்லாக்காரி சாயோவுக்கு இதை நானா சொல்லவேண்டும்?

கையைத் துடைத்துக்கொண்டு மேசைக்கு வந்தாள். “எப்படி இருக்கு, கொமாத்ரே?”

“பிரமாதம். இன்னும் கொஞ்சம் வைங்க.”

வாய் தானாகச் சொன்னது. சோறு போட்டவளிடம் வேறு பதில் சொல்ல எங்களில் யாருக்கும் தெரியாது. இரண்டாவது தட்டையும் ரொட்டியால் வழித்துச் சாப்பிட்டேன்.

ஜனவரி 19

இன்றும் கசப்பு. இன்றும் பிரமாதம்.

ஜனவரி 26

ஒருவேளை என் நாக்குதான் கெட்டுவிட்டதோ? இன்று மற்ற மேசைகளைக் கவனித்தேன். இறைச்சி ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற தோன் காஸ்துலோ எலுமிச்சையைப் பிழிகிறார், பிழிகிறார், தோல் கிழியும்வரை பிழிகிறார். தட்டைக் காலி செய்துவிட்டுச் சாயோவைப் பார்த்து விரல் நுனிகளை முத்தமிட்டார். “இது கை இல்லம்மா, வரம்.”

வெளியே கார் நிறுத்துமிடத்தில் அவரைப் பிடித்தேன்.

“தோன் காஸ்துலோ, இன்னிக்கு மோலே...”

“அருமை.”

“இல்ல, கொஞ்சம்...”

“அருமைன்னேன்ல?”

காரில் ஏறியதும் வயிற்றுக்கு ஒரு மாத்திரையைப் போட்டுக்கொண்டார். நான் பார்க்கவில்லை என்று நினைப்பு.

பிப்ரவரி 2

ஞாயிறு மதியம், இரண்டு மேசை காலி. புதிதாக வந்த வெள்ளைக்காரத் தம்பதி பாதித் தட்டை அப்படியே வைத்துவிட்டுப் போனார்கள். அவர்கள் இனி வரமாட்டார்கள். இப்படி ஒவ்வொருவராக நின்றுபோனால்?

யெசேனியாவிடம் மெதுவாகக் கேட்டேன். வயிறு முன்னே வர, தட்டுகளை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். பிரசவத்துக்கு அதிக நாள் இல்லை.

“கசக்குதா மத்ரினா? நிஜமாவா? எனக்கு இப்ப எல்லாமே கசக்குது. புள்ளத்தாச்சி நாக்குன்னு விட்டுட்டேன்.” பிறகு சமையலறைப் பக்கம் ஒரு பார்வை. “அம்மாகிட்ட யாரு சொல்றது? நீங்க சொல்லுங்க.”

நானாம். எல்லோருக்கும் நான்தான் கிடைத்தேன்.

சொன்னால் என்ன ஆகும்? சாயோ கத்தமாட்டாள், அதுதான் பயம். மரியாதையாகச் சிரித்து, மரியாதையாகத் தட்டு வைத்து, யாரோ ஒருத்தியைப் போல என்னை நடத்துவாள். அப்புறம் ஞாயிற்றுக்கிழமைகளில் நான் எங்கே போவேன்?

பிப்ரவரி 13, வியாழன்

நான் வேலை பார்க்கும் தையல் கடை சீக்கிரம் மூடியதால், பின்வாசல் வழியாகச் சாயோவின் சமையலறைக்குள் போனேன். கதவைத் திறந்ததும் மூக்கில் அடித்தது - எரிவாயு. அடுப்பு எரியவில்லை, திருகு மட்டும் திறந்து கிடக்கிறது. சாயோ ஏதோ முணுமுணுவென்று பாடிக்கொண்டு தீப்பெட்டியை எடுக்கிறாள்.

பாய்ந்து திருகை மூடினேன். கதவை அகலத் திறந்து வைத்தேன். பனிக்காற்று உள்ளே வந்து வெங்காயச் சருகெல்லாம் பறந்தது.

“என்ன ஆச்சு கொமாத்ரே?”

“ஒண்ணுமில்ல. புழுக்கமா இருந்துச்சு.”

பிப்ரவரியில். பனி கொட்டுகிற நாளில். புழுக்கமாம்!

அவளுக்கு வாசனையே தெரியவில்லை. மிளகாய் கருகுவதும் தெரியவில்லை, எரிவாயுவும் தெரியவில்லை. இது புரிந்த பிறகும் என் வாயிலிருந்து வந்தது ஒரு மரியாதைப் பொய். உள்ளே வயிற்றுப்பிள்ளைக்காரி நடமாடுகிற இடம் அது. நான் என்ன ஜென்மம்?

பிப்ரவரி 14

இரவெல்லாம் தூக்கமில்லை. காலையில் மெல்கியைத் தொலைபேசியில் கூப்பிட்டுச் சொன்னேன். கசப்பு, எரிவாயு, எல்லாவற்றையும்.

“கசக்குதுன்னு எனக்குத் தெரியும் கொமாத்ரே. நானும் தினம் அதத்தான் சாப்பிடுறேன்.”

“அப்ப சொல்ல வேண்டியதுதானே?”

“கல்யாணம் ஆனதுலேர்ந்து அவ சமையல ஒரு வார்த்த குறை சொன்னதில்ல. இப்ப எப்படி ஆரம்பிக்கிறது, சொல்லுங்க.”

இனிமேல் அடுப்பைத் தானே பற்றவைப்பதாகச் சொன்னார். அது போதுமா? அவர் கடைக்கு, சந்தைக்கு என்று வெளியே போகிற நேரம்? போதாது. போதாது என்று அவருக்கும் தெரியும்.

பிப்ரவரி 16, ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

தனியாகக் கூப்பிட்டுச் சொல்லத்தான் போனேன். ஆனால் அவள் மேசைக்கு வந்து, சமையல் மேலங்கியில் கை துடைத்தபடி, எப்போதும்போல் “எப்படி இருக்கு?” என்று கேட்டாள்.  இப்போது விட்டால் எப்போதும் இல்லை.

“கசக்குது, கொமாத்ரே.”

 பக்கத்து மேசைக் குழந்தைகூட என்னைப் பார்த்தது.

“மிளகாய் கருகியிருக்கு. இன்னிக்கு மட்டும் இல்ல, புது வருஷத்துலேர்ந்து. அன்னிக்கு நான் புழுக்கம்னு சொன்னது பொய். அடுப்புல எரிவாயு திறந்து கெடந்துச்சு, உங்களுக்கு வாசனை தெரியல.”

சாயோ மெதுவாகத் திரும்பி மற்றவர்களைப் பார்த்தாள். “உங்களுக்கும் கசந்துச்சா?”

 தோன் காஸ்துலோ தட்டைப் பார்த்தபடி சொன்னார். “கொஞ்சம்தாம்மா.”

அவள் கல்லாவைப் பார்த்தாள். மெல்கி தலையைக் குனிந்துகொண்டார். என் தட்டை எடுத்தாள், எல்லோர் தட்டையும் எடுத்தாள், உள்ளே போனாள். திரும்பி வரவில்லை.

வீட்டுக்கு வந்து அழுதேன். சரியாகத்தான் செய்தேன். அப்படியென்றால் மனசு ஏன் இப்படி அடித்துக்கொள்கிறது?

பிப்ரவரி 23

போகவில்லை. அடுப்பருகே நின்றபடியே இரண்டு முட்டையைப் பொரித்துத் தின்றேன். உணவகம் மூடிக்கிடப்பதாகப் பக்கத்துக் கடைக்காரி சொன்னாள். நான் மூடவைத்துவிட்டேனா?

மார்ச் 4

யெசேனியா பேசினாள். சாயோவை மருத்துவரிடம் கூட்டிப்போனார்களாம். நவம்பரில் வந்த காய்ச்சலில் போன வாசனை, திரும்பலாம், திரும்பாமலும் போகலாம் என்றாராம்.

“அம்மாவுக்கு முன்னாடியே தெரியும் மத்ரினா. வாசனை போயிடுச்சுன்னு அப்பவே தெரியும். கை பழக்கத்துல சரியாத்தான் செய்யிறோம்னு நெனச்சிருக்காங்க. எல்லாரும் பிரமாதம்னு சொன்னீங்கள்ல?”



“என்மேல கோவமா?” என்று கேட்டேன்.

“பயங்கரக் கோவம். சொன்னதுக்கு இல்ல. லேட்டா சொன்னதுக்கு.”

மார்ச் 9, ஞாயிறு

உணவகம் மறுபடி திறந்திருந்தது. போனேன். சமையலறைச் சுவரில் புதிதாக ஓர் எரிவாயு எச்சரிக்கைப் பெட்டி. சாயோ என்னை உட்காரச் சொல்லவில்லை. அடுப்பருகே நிறுத்தினாள்.

“ஒருத்தர், ஒரே ஒருத்தர் மொகத்த சுளிச்சிருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்கும். நீங்க ரெண்டாந்தடவ வேற கேட்டு வாங்கித் தின்னீங்க.”

“ஆமா.”

“வெக்கமா இல்ல?”

“இருக்கு.”

“சரி, மூக்க இங்க காட்டுங்க.” மிளகாயை எண்ணெயில் போட்டாள்.  நான் குனிந்து நின்றேன். காரம் ஏறி இருவருக்கும் கண்ணில் தண்ணீர்.

“இப்ப எடுங்க,” என்றேன்.

எடுத்தாள்.

மார்ச் 16

உப்பு தூக்கல் என்று சொன்னேன். “உங்க நாக்கே தூக்கல்தான்,” என்று முணுமுணுத்துவிட்டு உள்ளே போய்ச் சரிசெய்து கொண்டுவந்தாள்.

மார்ச் 22

யெசேனியாவுக்குப் பெண் குழந்தை. இருவரும் நலம். நன்றி தேவனே.

மார்ச் 30, ஞாயிறு

மதியக் கூட்டம் கலைந்த பிறகு சாயோ குழந்தையைத் தூக்கிக்கொண்டு என் மேசைக்கு வந்தாள். எதிரே உட்கார்ந்தாள். இத்தனை வருடத்தில் கடை திறந்திருக்கும்போது அவள் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

பிள்ளையை என் பக்கம் நீட்டினாள். “தலைய மோந்து பாத்து சொல்லுங்க.”

“நல்லா இருக்கு,” என்றேன். பாழாய்ப்போன வாய்.

அவள் என்னையே பார்த்தாள்.  நான் மறுபடி குனிந்தேன், இந்தமுறை அவசரப்படாமல்.

“புளிச்ச பால் வாசனை,” என்றேன். “கழுத்து மடிப்புல வேர்வை. கொஞ்சம் சோப்பு. உச்சந்தலையில மட்டும் வேற ஒண்ணு. வேகவெச்ச சோளத்த ஆற வெச்சா வருமே, அந்த மாதிரி.”

சாயோ குழந்தையை வாங்கி, அதன் உச்சந்தலையில் மூக்கை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் அப்படியே இருந்தாள்.

“யெசேனியாவும் கொழந்தையா இருந்தப்ப அப்படித்தான் மணப்பா,” என்றாள்.