மஜூங்காவிலிருந்து வந்த பல்

16 ஜனவரி 1958, வியாழன்

மழை. ரோஸ் ஹில்லில் பஸ்ஸுக்கு நின்று முழுக்க நனைந்தேன். ரயில் ஓடிய காலத்தில் ஒதுங்க ஸ்டேஷன் கூரையாவது இருந்தது.

இயற்கை ஆய்வுச் சங்கத்தின் சேகரிப்பு அறையில் இன்று நாள் முழுவதும் சிப்பிகளுக்குப் பெயர்ச்சீட்டு எழுதினேன். காலையில் மேலதிகாரி மிஸ்யே ஜில்பெருக்கு ஒரு போன்ஜூர், மாலையில் ஒரு ஒர்வுவார். நடுவில் சிப்பிகள். வீட்டில் அண்ணனும் அண்ணியும் இந்தத் தீவின் கிரியோல் மொழியில் பேசிக்கொண்டிருப்பார்கள். நான் நுழைந்ததும் குரல் தாழும். ஏன் என்று கேட்டதில்லை. கோயில் வகுப்பு வாத்தியார் இந்தியாவுக்குத் திரும்பியபின் எனக்குத் தமிழில் பேச ஆள் இல்லை. இங்கே எழுதுவதோடு சரி.

20 ஜனவரி, திங்கள்

மடகாஸ்கரின் மஜூங்காவிலிருந்து மிஸ்யே ஜில்பெரின் நண்பர் ஒரு பல் அனுப்பியிருக்கிறார். என் சுண்டுவிரல் நீளம், காப்பி நிறம், வளைந்து கூர்மையாக. மஜூங்காசோர். மாமிசம் தின்ற பெரும் பல்லி இனம். அது அங்கே நடமாடியபோது மனிதர் இல்லை. இந்தத் தீவே கடலுக்கு மேல் எழுந்திருக்கவில்லை.

மிஸ்யே ஜில்பெர் லென்ஸைக் கையில் கொடுத்தார். இரண்டு விளிம்பிலும் ரொட்டிக் கத்தி போல நுண்ணிய ரம்பப் பற்கள். “இந்த விளிம்புதான், மத்மஜெல், அந்த விலங்கு. இது இல்லாவிட்டால் எதன் பல் என்று யாரும் சொல்ல முடியாது.” பல்லையும் படத்தையும் பாரிசுக்கு அனுப்பப் போகிறார். படம் என் பொறுப்பு. சரியாக வந்தால் உதவியாளர் வேலைக்கு என் பெயரைத்தான் சங்கத்தாரிடம் சொல்வாராம், ஜான்-போலின் பெயரை அல்ல. ஜான்-போல் கல்லூரி முடித்தவன். நான் படம் போடும் கை மட்டும் உள்ளவள்.

வீட்டில் சொல்ல வாயெடுத்தேன். அண்ணன் வானொலியைத் திருப்பிக்கொண்டிருந்தான்.

23 ஜனவரி, வியாழன்

அறையில் வெளிச்சம் போதவில்லை என்று பல்லை வீட்டுக்குக் கொண்டுபோக அனுமதித்தார். தீப்பெட்டியில் பஞ்சு வைத்துக் கொண்டுவந்தேன். உள்விளிம்பு முடிந்துவிட்டது, நன்றாகவே வந்திருக்கிறது. வெளிவிளிம்பு நாளைக்கு.

சனிக்கிழமை காவடிக்குக் கொடியேற்றம். வீட்டில் நேற்றே கறி மீன் நின்றுவிட்டது. விரதமிருக்கும் வீட்டில் என் அலமாரியில் மட்டும் ஒரு மாமிசப் பிராணி. இதைச் சொல்லிச் சிரிக்கவும் யாருமில்லை. பல்லிடம் சொன்னேன்.

24 ஜனவரி, வெள்ளி

தீப்பெட்டி காலி.

பூஜை அறையில், துலக்கிய குத்துவிளக்குக்கும் வேலுக்கும் நடுவே, வெற்றிலை மேல் பல். பளபளன்னு. குங்குமம் வேற. அண்ணி விளக்கோடு சேர்த்துப் புளியும் செங்கல் பொடியும் போட்டுத் தேய்த்திருக்கிறாள். விரலை ஓட்டிப் பார்த்தேன். வழவழ. இரண்டு பக்கமும். ஒண்ணுமில்லை, ஒண்ணுமே இல்லை —

என்ன செஞ்சீங்க அண்ணி, என் பெட்டியை எதுக்குத் தொட்டீங்க — வாய் வரை வந்தது. அதற்குள் அவளே வந்தாள், வயிற்றில் கை வைத்துக்கொண்டு. ஐந்தாம் மாதம். இதற்கு முன் இரண்டு நிற்கவில்லை.

“புலிநகம்தானே? பாப்பாவுக்குன்னு சொல்லாம வாங்கி வச்சிருக்கேன்னு தெரிஞ்சுபோச்சு,” என்றாள் கிரியோலில். “வேல் பக்கத்துல பத்து நாள் இருக்கட்டும்.” கண் கலங்கியிருந்தது. “நீ இந்தக் குழந்தையை நினைக்கறதே இல்லன்னு உங்க அண்ணன்கிட்ட சொல்லிக்கிட்டிருந்தேன்.”

அவள் சொன்னது சரி. நான் நினைக்கவே இல்லை. இரவில் அவள் அழும் சத்தம் கேட்டால் விளக்கைக் கொஞ்சம் தூண்டிவிட்டுப் பக்கத்தைப் புரட்டியிருக்கிறேன்.

திங்கட்கிழமை திருப்பிக் கொண்டுபோக வேண்டும் என்று மட்டும் சொன்னேன்.

25 ஜனவரி, சனி

கொடி ஏறியது. கூட்டத்தில் தனியாக நின்றேன்.

27 ஜனவரி, திங்கள்

மிஸ்யே ஜில்பெர் லென்ஸை வைத்து வெகுநேரம் பார்த்தார். இதைத் தேய்த்தது யார் என்று கேட்டார்.

பேருந்தில் வரும்போது இரண்டு விடைகள் வைத்திருந்தேன். ஒன்று உண்மை. வீட்டில் படிக்காத பெண்கள் என்று அவர் தலையை ஆட்டுவார், என்னை மன்னிப்பார், தட்டச்சு செய்யும் ஜெனெவியேவிடமும் மற்றவர்களிடமும் சிரித்துக்கொண்டே சொல்வார். புளி, செங்கல், கர்ப்பிணி எல்லாம் கதையாகிவிடும்.

“நான்தான்,” என்றேன். “மண் போகட்டும் என்று தேய்த்தேன்.”

அவர் சத்தம் போடவில்லை. போட்டிருக்கலாம். படத்தை எடுத்துப் பார்த்து, நல்ல படம், ஆனால் படத்தை மட்டும் வைத்து பாரிசில் யார் நம்புவார்கள் என்றார். சிப்பிச் சீட்டுகளுக்குத் திரும்பினேன்.

14 பிப்ரவரி, வெள்ளி

வேலை ஜான்-போலுக்கு. எனக்கு இங்கே மார்ச் முடியும்வரைதான். பல்லை மிஸ்யே ஜில்பெர் என் மேசைமேல் வைத்துவிட்டுப் போனார். “இனி இது வெறும் பல். நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.”

2 ஏப்ரல், புதன்

பாம்பூ கிராமப் பள்ளியில் தற்காலிக ஆசிரியை வேலை. ஜன்னலுக்கு வெளியே கரும்பு. பிள்ளைகள் நன்றாகத்தான் இருக்கிறார்கள். மத்தியானம் யாரோடும் பேசாமல் சாப்பிட்டேன். அந்த வெளிவிளிம்பு என் கண்ணுக்குள் இன்னும் இருக்கிறது. காகிதத்தில் போடக் கை வரவில்லை.

20 ஜூலை, ஞாயிறு

குழந்தைக்கு ஒரு மாதம். பெண். பல்லைத் தட்டானிடம் கொடுத்து வெள்ளிப் பூண் போட்டு வாங்கிவந்தேன். பெண்ணுக்கு எதற்குப் புலிநகம் என்று அண்ணன் கேலி செய்தான்.

அவன் வெளியே போனதும் அண்ணியிடம் சொல்லிவிட்டேன். புலி இல்லை என்று. மஜூங்கா, அந்தப் பெரும் பல்லி, அது எப்போதோ அற்றுப்போனது, எல்லாம். புளியைப் பற்றிச் சொல்லவில்லை. வேலையைப் பற்றியும்.

அவள் பூணைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அது என்ன தின்னும் என்று கேட்டாள். மாமிசம் என்றேன்.

“புலியைவிடப் பெரிசா?”

“ரொம்பப் பெரிசு அண்ணி.”

“அப்ப இன்னும் நல்லது,” என்று கயிற்றைக் குழந்தையின் கழுத்தில் கட்டினாள். பிறகு பாயில் நகர்ந்து உட்கார்ந்து, பக்கத்தில் தட்டிக் காட்டினாள். “உக்காரு. எவ்வளவு பெரிசுன்னு சொல்லு.”