எண்ணெய் காய்வதற்குள்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உங்க மச்சான் எழுதறேன். இங்க எல்லாரும் சுகம், என் வயிறு ஒண்ணைத் தவிர. மூணு நாளா சோத்தைப் பார்த்தாலே குமட்டுது. காரணம் உங்க மக. போன்லயே சொல்லியிருக்கலாமேன்னு நினைப்பீங்க. என் குரலைக் கேட்டதும்தான் உங்க ஊர்ல சிக்னல் செத்துப் போயிடுதே. காகிதத்துக்கு அந்த வியாதி இல்லை. தங்கச்சிக்குத் தெரியாம எழுதறேன். எழுத்து கோணலா இருந்தா பொறுத்துக்குங்க, அஞ்சாம் வகுப்பு வாத்தியாருக்கும் எனக்கும் ஒத்துப்போகலை.

என் பிழைப்புதான் உங்களுக்குத் தெரியுமே. ஓட்டல் அடுப்படியில புகை போற குழாய்க்குள்ள தலையை விட்டு, வருஷக்கணக்காப் படிஞ்ச பிசுக்கைச் சுரண்டற வேலை. ஒரு தடவை குழாய்க்குள்ள செத்த பெருச்சாளியே கிடந்துச்சு. அதை எடுத்துப் போட்டுட்டு, கையைக் கழுவிட்டு, நிம்மதியா டீ குடிச்சவன் நான். அப்பேர்ப்பட்ட என்னை உங்க பொண்ணு வண்டியோட செயின் வாந்தி எடுக்க வெச்சுடுச்சு.

ஞாயித்துக்கிழமை காலையில நம்ம வாலு, அதான் உங்க மக, அந்தக் குட்டி நாலு சக்கர மோட்டார் வண்டியைப் பின்சந்துல ஓட்டிக்கிட்டு இருந்தா. ரவுண்டு வரும்போதெல்லாம் பின்சக்கரத்துக்கிட்ட டக்கு டக்குன்னு சத்தம். நிறுத்தச் சொல்லிட்டுக் குனிஞ்சு பார்த்தேன். செயின் கவரைக் காணோம். கேட்டா, எண்ணெய் ஊத்த இடைஞ்சலா இருக்குன்னு மகாராணியே கழட்டிப் பரண்ல போட்டுட்டாங்களாம்.

கவர் இல்லாத இடத்துல செயினும் இல்லை மாப்பிள்ளை. கறுப்பா, கட்டை விரல் தடிமனுக்கு ஒரு வஸ்து பல் சக்கரத்தைச் சுத்திக்கிட்டு இருந்துச்சு. உள்ளே எங்கயோ செயின் இருக்கணும்னு நம்பி ஸ்க்ரூ டிரைவரால ஒரு கீறு கீறினேன். தார் மாதிரி இழுத்துக்கிட்டே வந்துச்சு. அதுல மணல், தலைமுடி, கோழி இறகு, கரப்பான் கால், மென்னு துப்பின சூயிங்கம், ஒரு பல்லி வாலு. பல்லி எங்க போச்சுன்னு நான் தேடலை. அப்புறம் அந்த வாடை. எண்ணெய் காறிப்போனா எப்படி நாறும்னு எனக்குத் தெரியாதா? ஆனா இது அஞ்சாறு எண்ணெய் சேர்ந்து காறின வாடை. சந்துச் சுவரைப் பிடிச்சுக்கிட்டு, தின்னது மொத்தத்தையும் அங்கயே விட்டுட்டேன். உங்க பொண்ணு தள்ளி நின்னு மூக்கைப் பொத்திக்கிட்டு, மாமா நீங்கதான் நாறறீங்கன்னு சொல்றா. நீங்க ஊர்ல இல்லாத குறையை வாய்ல தீர்த்துடறா.

விசாரிச்சதுல ஒவ்வொண்ணா வெளிய வந்துச்சு. நீங்க வெச்சுட்டுப் போன செயின் எண்ணெய் ஒரே மாசத்துல காலியாம். அப்புறம் சமையல் எண்ணெய். தங்கச்சி கண்டுபிடிச்சு அலமாரியைப் பூட்டினதும் தலைக்கு வைக்கிற எண்ணெய். அது தீர்ந்ததும் கீழ்வீட்டுத் தையல்காரம்மாவோட மிஷின் எண்ணெய். கடைசியா எது தெரியுமா? ஓட்டல் குழாய்ல இருந்து நான் வழிச்சுக் கொண்டுவந்து மாடிப்படிக்கு அடியில வெச்சிருக்கற கழிவு டப்பா. அது குறையுது குறையுதுன்னு, என்கூட வேலை செய்யற ஒல்லிப் பையன், அந்த ஒட்டடைக்குச்சியை ரெண்டு மாசமாத் திருடன் திருடன்னு ஏசியிருக்கேன். நேத்து அவன்கிட்ட போய் அசடு வழிஞ்சேன். யாராவது இதைப் போய்த் திருடுவாங்களான்னு அவன் கேட்டான். நியாயமான கேள்வி.

எண்ணெய் போடறதுக்கு முன்னாடி பழசைத் துடைக்கணும்னு தெரியாதாடின்னு கத்தினேன். அப்பா துடைக்கச் சொல்லலையேன்னா. பின்ன என்னதான் சொன்னாருன்னு கேட்டேன். கிளம்பின அன்னைக்குக் காலையில நீங்க வண்டிப் பக்கத்துல குந்தி உட்கார்ந்து, செயினுக்கு எண்ணெய் விட்டுக்கிட்டே சொன்னீங்களாம், இந்த எண்ணெய் காயறதுக்குள்ள வந்துடுவேன்னு.

நீங்க சொன்னது ஞாபகம் இருக்கோ என்னமோ. அவ பிடிச்சுக்கிட்டா. பதினாலு மாசமா ஒரு ஞாயித்துக்கிழமை விடாம, காயவே விடலை மாப்பிள்ளை.

அதைக் கேட்டும் நான் சுரண்டறதை நிறுத்தலை. நிறுத்தவும் முடியாது. சுரண்டச் சுரண்ட ஒண்ணு தெரிஞ்சுது. செயினோட ரெண்டு முனையையும் சேர்க்கற இடத்துல சின்ன லாக் ஒண்ணு இருக்குமே, அதைக் காணோம். எப்ப கழண்டு விழுந்துச்சோ. அது பிடிச்சிருக்க வேண்டிய தகட்டை இத்தனை நாள் பிடிச்சு வெச்சிருந்தது வெறும் அழுக்கு. அவ செருப்புகூட இல்லாம ஓட்டறவ. கவரும் இல்லை. செயின் தெறிச்சிருந்தா முதல்ல போறது கணுக்கால்தான். சாவியை எடுத்து என் சட்டைப்பையில போட்டேன்.

அப்புறம் செயினைக் கழட்டி மண்ணெண்ணெய்ல ஊற வெச்சு, பழைய பல் தேய்க்கிற பிரஷ்ஷால கண்ணி கண்ணியாத் தேய்ச்சேன். மூணு தடவை மண்ணெண்ணெய் மாத்தினேன். மூணு தடவை ஓங்கரிச்சேன். பல் சக்கரத்துல ஒவ்வொரு பல்லையும் குச்சியால குடைஞ்சேன். என் சொந்தப் பல்லுக்கு இந்த மரியாதை நடந்ததில்லை. துணியால ஒத்தி வெயில்ல காய வெச்சேன். வெள்ளி மாதிரி ஆயிடுச்சு. புது லாக் வாங்கி, வாய் பின்பக்கம் பார்க்கற மாதிரி மாட்டிட்டேன். ரெண்டு பக்கமும் போல்ட்டைச் சமமா இழுத்து, தொங்கலும் அளவா வெச்சாச்சு.

பெருமையா வாலுவைக் கூப்பிட்டுக் காட்டினேன். விரலால செயினைத் தொட்டா. விரலைப் பார்த்தா. அழல. மெதுவா,

“காஞ்சுடுச்சே மாமா. அப்பா வரலையே”ன்னா.

என் வாயைப் பத்தி உங்களுக்குத் தெரியும். எழவு வீட்டுலகூட ரெண்டு பேரைச் சிரிக்க வைக்காம வந்ததில்லை. அன்னைக்கு மட்டும் துணியை எடுத்து, ஏற்கெனவே துடைச்ச கையையே துடைச்சுக்கிட்டு நின்னேன்.

நீங்க இங்க இருந்தப்ப ஒரு நாள் சாப்பாட்டு மேசையில நான் சொன்னதைத்தான் இப்ப நினைச்சுக்கிட்டு இருக்கேன். உங்க பட்டறையை மூடி மூணு மாசம் ஆகியிருந்துச்சு. இந்த வீட்டுல நகராத சாமான் ரெண்டு, ஃப்ரிட்ஜும் மாப்பிள்ளையும், ஃப்ரிட்ஜாவது ஜில்லுனு தண்ணி குடுக்கும்னு சொன்னேன். எட்டுப் பேர் சிரிச்சாங்க. நீங்களும் சிரிச்சீங்க. அதனால நல்ல ஜோக்குன்னு நினைச்சுட்டேன். தங்கச்சி மட்டும் தட்டோட எழுந்து போனா. அடுத்த வாரமே நீங்க கிளம்பிட்டீங்க. ஃப்ரிட்ஜ் அங்கயேதான் நிக்குது. அதுல தண்ணி எடுக்கும்போதெல்லாம் என் பேச்சு எனக்கே நாறுது. அந்தச் செயினோட நாத்தம் மண்ணெண்ணெய்ல போயிடுச்சு. இது போகலை.

தங்கச்சி உங்களைப் பத்தி ஒண்ணும் கேட்கறதில்லை. ஆனா உங்க வேலைச்சட்டையை மாசம் ஒரு தடவை துவைச்சு மடிச்சு வெக்கறா. யாரும் போடாத சட்டை எப்படி அழுக்காகும்னு கேட்க வந்தேன். வாயை மூடிக்கிட்டேன். பாருங்க, கத்துக்கறேன்.

இப்ப வண்டி தயார். கவரும் மாட்டியாச்சு. நல்ல செயின் எண்ணெயா ஒரு புட்டி வாங்கி சீட்டு மேல வெச்சிருக்கேன். ஆனா வாலு என்னைத் தொட விடலை. அப்பாதான் போடணுமாம். இங்க மழை ஆரம்பிச்சுடுச்சு. சந்து முழுக்க ஈரம். எண்ணெய் இல்லாத இரும்பு எத்தனை நாள் தாங்கும்னு உங்களுக்குச் சொல்லித்தர எனக்குத் தகுதி இல்லை.

உடம்பைப் பார்த்துக்குங்க. நேரத்துக்குச் சாப்பிடுங்க. நீங்க நூறு வருஷம் நல்லா இருக்கணும், அதுல மிச்ச வருஷமெல்லாம் இங்க இருக்கணும். வரும்போது எதுவும் வாங்கிட்டு வர வேண்டாம். என்கிட்ட பேசக்கூட வேண்டாம்.

துரு பிடிக்கறதுக்குள்ள வந்துடுங்க.

இப்படிக்கு,
வாயால கெட்ட உங்க மச்சான்