கப்பல் இருந்த அறை

மார்ச் 4, செவ்வாய்

கழுத்து வலி. பல் லேபில் இன்று ஒரே ஆளுக்கு மூன்றாவது தடவை பல்செட். டாக்டர் போனில், "சிரிச்சா வேற யாரோ மாதிரி இருக்காம், அவங்க வீட்டுக்காரம்மா சொல்றாங்க" என்றார். இருக்காதா பின்னே? பல் நான் செய்தது, சிரிப்பு மட்டும்தான் அவருடையது. மெழுகைச் சுரண்டிவிட்டு முதலிலிருந்து பற்களை அடுக்கினேன். நாள் பூராவும் அடுத்தவர் வாய்க்குள்ளேயே இருந்ததில் எனக்குப் பேச்சே வரவில்லை.

வீட்டுக்கு வந்து, நான் செய்துகொண்டிருக்கும் மாடல் கப்பலிடம் உட்கார்ந்தேன். உயிர்காப்புப் படகுகளைத் தொங்கவிடும் வளைந்த கைகள் எல்லாவற்றையும் பிடுங்கிப் போட்டேன். அடித்தகடு முக்கோணமாக இருக்க வேண்டும், நான் சதுரமாகச் செய்திருக்கிறேன். பழைய புகைப்படத்தைப் பூதக்கண்ணாடியில் பார்த்தபோதுதான் தெரிந்தது. ஒரு மாத வேலை வீண். யார் பார்க்கப் போகிறார்கள் என்று என் மனைவி கேட்கிறாள். நான் பார்ப்பேனே.

மார்ச் 9, ஞாயிறு

கேப்டன் வந்திருந்தார். மனிதர் காப்பீட்டு அலுவலகத்தில் கோப்பு தள்ளி ஓய்வு பெற்றவர். ஏரியில் மிதிபடகு ஏறினாலே வாந்தி எடுப்பார். போர்க்கப்பல் மாடலாகச் செய்து தள்ளுகிறார் என்பதால் அந்தப் பட்டம். பட்டத்தை வைத்ததும் அவரேதான்.

என் கப்பலைச் சுற்றி வரமுடியாமல் பக்கவாட்டில் நகர்ந்து பார்த்தார். அறையில் அவ்வளவுதான் இடம். நிஜத்தில் ஐம்பது அடி என்றால் இங்கே ஓர் அடி. அந்தக் கணக்கில் மூக்கிலிருந்து வால்வரை இரண்டரை மீட்டர் நீளம். இந்தச் சுவரில் இடித்துத் தொடங்கி அந்தச் சுவரில் இடித்து முடிகிறது.

"இத்தனை கப்பல் இருக்கறப்ப இந்த சரக்குக் கப்பலை ஏன்யா புடிச்ச? சண்டையும் போடல, மூழ்கவும் இல்ல."

"வரைபடம் முழுசா கிடைச்சுது."

அதுதான் உண்மை. ஐந்து வருடத்துக்கு முன் மகளுக்குக் கல்யாணமாகி இந்த அறை காலியானபோது என்னிடம் ஒரு கட்டு வரைபடமும் ஒரு நீள மேசையும் இருந்தன. அவளுடைய கட்டிலைக் கழற்றி மேசைக்கு அடியில் தள்ளிவிட்டு ஆரம்பித்தேன்.

மார்ச் 13, வியாழன்

புதிய படகுக் கைகளில் இரண்டு ஒட்டியாயிற்று. நன்றாக வந்திருக்கின்றன.

ஒட்டிக்கொண்டிருக்கும்போது மகள் போன் செய்தாள். எப்போதும் அம்மாவுக்குத்தான் செய்வாள். பசை காய்வதற்குள் பிடித்துக்கொண்டிருக்க வேண்டுமே, போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு பேசினேன்.

"அப்பா, என் ரூம் காலியா இருக்கா?"

"உள்ள கப்பல் இருக்கும்மா. ஏன், வர்றியா? ஹால்ல படுத்துக்கலாமே. எத்தனை நாளைக்கு?"

"இல்லப்பா, சும்மா கேட்டேன். கப்பல் எந்த அளவுல இருக்கு?"

முக்கோணத் தகடு விஷயத்தைச் சொன்னேன். சிரித்தாள். அதற்குள் பசை இறுகிவிட்டது.

மார்ச் 14, வெள்ளி

மூன்றாவது கை. கண் எரிகிறது.

மார்ச் 20, வியாழன்

என் மனைவி ஒரு வாரமாகச் சரியாகப் பேசுவதில்லை. சாப்பாடு வருகிறது, டீ வருகிறது, பேச்சு வருவதில்லை. என்ன என்று கேட்கத் தெம்பில்லை. கேட்டால் பதில் சொல்வாள், அதைக் கேட்டுக்கொண்டு உட்கார வேண்டும். லேபில் ஒரே நாளில் ஏழு பேரின் பல் அச்சு. வந்ததும் படுத்துவிட்டேன்.

மார்ச் 23, ஞாயிறு

இன்று வாயைத் திறந்தாள். திறக்காமலே இருந்திருக்கலாம் என்று தோன்றுகிறது. இல்லை, அப்படி எழுதக் கூடாது.

துணி மடித்துக்கொண்டே சொன்னாள், என்னைப் பார்க்கவில்லை. "உங்க பொண்ணு அன்னிக்குப் பையில துணி எடுத்து வெச்சுட்டுத்தான் உங்களுக்குப் போன் பண்ணியிருக்கா. நீங்க எத்தனை நாளைக்குன்னு கேட்டீங்களாம். போனை வெச்சுட்டு துணியெல்லாம் திரும்ப அலமாரியில வெச்சுட்டாளாம்."

மாப்பிள்ளை அடிக்கிறாரா என்று கேட்டேன்.

"அடிக்கல. போன் வந்தா யாருன்னு கேக்கறது, சாப்பிட்டா எவ்வளவுன்னு கேக்கறது, குளிக்கப் போனா ஏன் இவ்வளவு நேரம்னு கேக்கறது. அடிச்சிருந்தா சொல்றதுக்கு சுலபமா இருந்திருக்கும்னு அவளே சொல்றா."

"உனக்கு ஏன் போன் பண்ணல?"

"நானும் அதைத்தான் கேட்டேன். அம்மா, நீ சரின்னுதான் சொல்லுவ, அப்பா சொன்னாத்தான் வீட்ல இடம் இருக்குன்னு அர்த்தம்னா."

இப்போது அறையில்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். கப்பல் முன்னால் இருக்கிறது. என்னத்தைக் கேட்டேன் நான்? எத்தனை நாளைக்கு. பெத்த பொண்ணு கிட்ட. லாட்ஜ்காரன் மாதிரி.

மார்ச் 24, திங்கள்

லேபில் ஓர் அச்சைக் கீழே போட்டு உடைத்தேன். இத்தனை வருடத்தில் உடைத்ததில்லை.

மார்ச் 30, ஞாயிறு

கப்பலை ஹாலுக்குக் கொண்டுபோய்விடுவது என்று முடிவு. சோபாவை ஒதுக்கினால் சுவரோரம் நிற்கும். கேப்டனை வரச் சொன்னேன். கம்பங்கள், படகுகள், நீட்டிக்கொண்டிருக்கும் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு மூன்று பேருமாகத் தூக்கினோம்.

கதவைத் தாண்டியது. தாண்டியதும் நடை. நடை குறுகல், எதிர்ச்சுவரில் மூக்கு முட்டிக்கொண்டது, வால் இன்னும் அறைக்குள். இடப்பக்கம் ஒடித்தோம், வலப்பக்கம் ஒடித்தோம். செங்குத்தாக நிறுத்தலாம் என்றால் நடைக்கு மேலே பரண். திரும்பாது. எந்தக் கோணத்திலும் திரும்பாது.

ஐந்து வருடம். கப்பலின் ஒவ்வொரு கதவும் எத்தனை மில்லிமீட்டர் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். வீட்டு நடையை அளக்கவில்லை. பலகை பலகையாக உள்ளே போனது, முழுசாக ஒருநாள் வெளியே வர வேண்டும் என்று தோன்றவே இல்லை.

இவள் மூக்குப் பக்கத்தைப் பிடித்தபடி நின்றாள். "இது துறைமுகத்தை விட்டே கிளம்பாது போல" என்றாள். மூன்று பேரும் சிரித்தோம். சிரிக்கக்கூடிய நிலைமையில் யாரும் இல்லை, ஆனால் கை வலிக்கும்போது சிரிப்பு வந்துவிடுகிறது.

கேப்டன் ஜன்னலைப் பார்த்தார். கிரில்லை அறுத்துக் கயிறு கட்டி இறக்கிவிடலாமாம், மூன்றாவது மாடியிலிருந்து. முடிச்செல்லாம் அவருக்கு அத்துப்படியாம். அந்த முடிச்சையெல்லாம் அவர் நூலில்தான் போட்டிருக்கிறார். டீ கொடுத்து அனுப்பிவைத்தோம்.

கப்பல் திரும்பவும் மேசைமேல்.

ஏப்ரல் 2, புதன்

மகளுக்குப் போன் செய்தேன். முதல் மணியிலேயே எடுத்தாள். "அன்னிக்கு ரூம் பத்திக் கேட்டியே" என்று ஆரம்பித்தேன்.

"எந்த ரூம்ப்பா? நான் ஒண்ணும் கேக்கலியே."

பின்னால் ஆண்குரல், அமைதியாக: "யாரு?"

"அப்பா." பிறகு என்னிடம், செய்தி வாசிக்கிற குரலில்: "எல்லாம் நல்லாத்தான் இருக்குப்பா. உங்க கழுத்து வலி எப்படி இருக்கு?"

கழுத்து வலி பரவாயில்லை என்றேன். வேறென்ன சொல்வது? அந்த மனிதர் கல்யாணத்தன்று என் பையை வாங்கித் தூக்கிக்கொண்டு வந்தார். என்ன மரியாதை என்று ஊரெல்லாம் சொன்னேன்.

ஏப்ரல் 5, சனி

அறுத்துவிடப் போகிறேன். எழுதிப் பார்த்துக்கொள்கிறேன் — கப்பலை அறுத்துவிடப் போகிறேன்.

கேப்டனிடம் சொன்னேன். "அஞ்சு வருஷம்யா" என்றார். தெரியும் என்றேன். "முன்பக்கத்தை மட்டும் கழட்ட முடியாதா?" முடியாது, அடிக்கட்டை ஒரே மரம். பிறகு அவரே சொன்னார்: "உன் கப்பலை ஒருதடவை நிஜமாவே அறுத்திருக்காங்கல்ல?"

ஆமாம். பன்னிரண்டு வருடம் ஓடிய பிறகு, இன்னும் அதிகச் சரக்கு ஏற்றுவதற்காக, அதை நடுவில் இரண்டாக அறுத்து இடையில் ஒரு துண்டைச் சேர்த்து நீளமாக்கினார்கள். நான் செய்திருப்பது நீளமாக்கிய பிறகு இருந்த கப்பல். அந்தப் பற்றுவைத்த கோடு வரைபடத்தில் இருக்கிறது, என் கப்பலின் பக்கத்திலும் மெல்லிசாகக் கீறி வைத்திருக்கிறேன்.

"அதே கோட்டுல அறு. ஒருத்தனும் குத்தம் சொல்ல முடியாது" என்றார். நல்ல மனிதர். ஆறுதல் சொல்லக்கூட அளவு தப்பாத ஆறுதலாகத் தேடியிருக்கிறார்.

ஏப்ரல் 6, ஞாயிறு

லேபிலிருந்து மெல்லிய ரம்பம் கொண்டுவந்திருந்தேன். கோட்டின் இருபுறமும் நாடா ஒட்டி, காலையில் ஆரம்பித்தேன். மேல்தளம் சுலபமாக அறுபட்டது. பக்கப் பலகைகளும் வந்துவிட்டன. அடிக்கட்டைதான் விடவில்லை. நல்ல மரமாகப் பார்த்து வாங்கியவன் நானேதான், யாரைத் திட்ட?

இவள் முன்பாதியைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். கடைசியில் ஒரு சின்னச் சத்தம், அவ்வளவுதான், இரண்டானது. அறுபட்ட இடத்தில் குனிந்து உள்ளே பார்த்தாள். சரக்கறை, ஏணி, விலா எலும்புபோல வரிசையாகச் சட்டங்கள். மூடிய பிறகு யார் கண்ணிலும் படாது என்று தெரிந்தே செய்தவை.

"உள்ளயும் இவ்வளவு பண்ணியிருக்கீங்களா?"

"ம்."

"எங்கிட்ட காட்டவே இல்லியே."

நீ கேட்கவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. அழுகை வரும் என்று பயந்துகொண்டிருந்தேன், தூக்கம்தான் வந்தது. மரத்தூளோடு அப்படியே தரையில் சாய்ந்து தூங்கிப்போனேன்.

ஏப்ரல் 8, செவ்வாய்

முன்பாதி எங்கள் கட்டிலுக்கு அடியில். பின்பாதி அலமாரிமேல், துணி போர்த்தி. மேசையை மடக்கியாயிற்று. மகளின் கட்டிலைப் பூட்டினேன். இவள் அறையை மூன்று தடவை கழுவினாள். ஆனாலும் வார்னிஷ் வாசனை போகவில்லை.

ஏப்ரல் 10, வியாழன்

போனில் சொல்ல முடியாது. அரைநாள் விடுப்பு போட்டு அவள் வேலை செய்யும் மூக்குக்கண்ணாடிக் கடைக்குப் போனேன். கூட்டமில்லை. என்னைப் பார்த்ததும் முகம் வெளுத்துவிட்டது. "அம்மாவுக்கு ஒண்ணும் இல்ல" என்றேன் முதலில். கண்ணாடி பார்க்க வந்தவன்போல உட்கார்ந்தேன். ஒரு சட்டத்தை எடுத்து என் முகத்தில் மாட்டிச் சரிசெய்தாள். எவ்வளவு இளைத்துவிட்டாள். போனில் இளைப்பு தெரிவதில்லை.

"ரூம் காலி" என்றேன்.

கை அப்படியே நின்றது. "கப்பல்?"

"ரெண்டா அறுத்துட்டேன். நடையில திரும்பல."

என் முகத்திலிருந்து கண்ணாடியை மெதுவாகக் கழற்றினாள். துடைத்தாள். துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"நாள் கணக்கெல்லாம் கிடையாதும்மா. அன்னிக்கு அப்படிக் கேட்டது தப்பு. நீ வா."

"உள்பக்கம் தாழ்ப்பாள் இருக்காப்பா?"

அவ்வளவுதான் கேட்டாள். வேறு எதுவும் கேட்கவில்லை. எனக்கு அந்தக் கேள்வி புரிய பஸ் ஏறி இரண்டு நிறுத்தம் ஆனது. புரிந்தபோது வாய்விட்டு ஏதோ சொல்லியிருப்பேன் போல, பக்கத்து சீட்டுக்காரர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

ஏப்ரல் 11, வெள்ளி

இருந்த தாழ்ப்பாள் பெயிண்ட் ஏறி இறுகிக் கிடந்தது. கழற்றிவிட்டுக் கனமான புதுசு ஒன்று பொருத்தினேன். நீள ஸ்க்ரூ. இவள் உள்ளே போய்ப் போட்டுப் பார்த்தாள், திறந்தாள், மறுபடி போட்டாள். பிறகு கொஞ்ச நேரம் திறக்கவில்லை. நான் வெளியே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன்.

ஏப்ரல் 13, ஞாயிறு

வரவில்லை.

ஏப்ரல் 16, புதன்

வரவில்லை. போனும் இல்லை. நான் போனதே தப்போ? கடையில் யாராவது மாப்பிள்ளையிடம் சொல்லியிருப்பார்களோ? லேபில் பற்களை இடவலம் மாற்றி அடுக்கிவிட்டேன். கேப்டன் கூப்பிட்டார், ஒட்டுவதற்கு ஏதாவது புதிதாக ஆரம்பியேன் என்றார். இடமில்லை என்றேன்.

ஏப்ரல் 19, சனி

மதியம் வந்தாள். ஒரு பை. கடைக்குக் கிளம்பியவள் கடைக்குப் போகாமல் நேராக இங்கே வந்திருக்கிறாள். அம்மாவைக் கட்டிக்கொள்ளவில்லை, அழவில்லை. "தூங்கணும்" என்றாள். அறைக்குள் போனாள். தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்டது. இவளும் நானும் அதன் பிறகுதான் சாப்பிட உட்கார்ந்தோம்.

சாயங்காலம் மாப்பிள்ளை போன் செய்தார். எடுக்கவில்லை. மறுபடி செய்தார். இவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். எடுத்தேன். அதே அமைதியான குரல். "அவளை எழுப்பிக் குடுங்க மாமா."

உள்ளே தாழ் போட்டிருக்கிறாள், வெளியிலிருந்து என்னால் திறக்க முடியாது என்று சொன்னேன்.