கடலடிக் கணவாய்

மார்ச் 4

கப்பலிலிருந்து அக்கா கூப்பிட்டாள். அவள் கடலில் விட்ட மிதவைக் கருவி மேலே வரவில்லையாம். ஆழத்திலேயே நீரோட்டத்தோடு போய்க்கொண்டிருக்கிறது. ஒலி அனுப்பி அழைத்தால் வரும், ஆனால் பக்கத்தில் போய் அழைக்க வேண்டும். இரண்டு வருட அளவீடும் அதன் வயிற்றுக்குள். பேட்டரி வெள்ளிவரைதான்.

"எந்தப் பக்கம் போயிருக்கும்னு உன் கம்ப்யூட்டரைக் கேட்டுச் சொல்லுடி."

மார்ச் 5

வடக்கு என்று சொல்லிவிட்டேன். கடலுக்கடியில் ஒரு மலைத்தொடர். ஆழத்துக் குளிர்நீர் அதில் முட்டி, ஏற முடியாமல், ஓரமாகவே வடக்கே போகிறது. நீரோட்டத்தைக் கணக்கிடும் என் கணினி மாதிரியை எத்தனை தடவை ஓட்டினாலும் அதே விடைதான். பிறகு ஏன் எனக்குச் சோறு இறங்கவில்லை?

மார்ச் 6

வடக்கே தேடுகிறார்கள். கருவியிடமிருந்து பதில் இல்லை.

மார்ச் 7

"எதுக்குடி குட்டி போட்ட பூனை மாதிரி சுத்துற? உக்காரு" என்றாள் அம்மா. உட்கார்ந்தேன். எழுந்து ஆபீசுக்கு ஓடினேன்.

பழைய ஆழ அளவீடுகளைப் பிரித்தேன். மலைத்தொடர் நடுவே ஒரு வெட்டு, கிழக்கே திறக்கும் ஒரு கணவாய். ஐயோ! என் மாதிரியில் அது இல்லையே! சரிவு செங்குத்தாக இருந்தால் கணக்கு பாதியில் நின்றுவிடும் என்று மாதிரிக்குள் கடலடியைக் கொஞ்சம் மழுங்க இழைப்போம். எல்லாரும் செய்வதுதான். அந்த இழைப்பில் கணவாய் தூர்ந்துவிட்டது. வாசலை நானே அடைத்துவிட்டு, தண்ணீர் வெளியே போகவில்லை என்று சொல்லியிருக்கிறேன்!

"அக்கா, கப்பலைக் கிழக்கே திருப்பு."

"வெளயாடுறியா? கேப்டன்கிட்ட எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுக் கேப்பேன்?"

"என் மூஞ்சிய வச்சுக்கிட்டுக் கேளு."

போனை வைத்துவிட்டாள்.

மார்ச் 8

கணவாயைத் திறந்து மாதிரியை ஓட்டினேன். நின்றது. மறுபடி ஓட்டினேன், நின்றது. ஆக, கையில் ஆதாரம் ஒன்றுமில்லை. அக்கா திருப்பினாளா இல்லையா — சொல்லித் தொலையேன், ராட்சசி!

மார்ச் 9

வெள்ளி. அக்கா போனை எடுக்கவில்லை. அம்மாகூட இன்று என்னை உட்காரச் சொல்லவில்லை.

மார்ச் 13

அக்கா வந்தாள். என்னைப் பார்க்காமல் நேரே குளிக்கப் போனாள். தலையைத் துவட்டிக்கொண்டே வந்து, "கணவாயத் தாண்டி கிழக்கால இருந்துச்சு. கூப்ட்ட ஒடனே மேல வந்துச்சு. ஒன்னவிட சொன்ன பேச்சு கேக்குது" என்றாள்.

"அப்ப ஏண்டி ஒரு வார்த்தை சொல்லல?"

"நீ எனக்கு வயித்துல புளியக் கரைச்சேல்ல? நீயும் கொஞ்சம் அனுபவின்னுதான்."

துண்டைப் பிடுங்கி அவளை அடித்தேன். அடிக்கும்போதே அழுதுவிட்டேன்.

மாதிரி இன்றும் பாதியில் நின்றது. கணவாயை மூடவில்லை.