ஆள் வைத்துக் கட்டுபவன்

அன்புள்ள அம்மாவுக்கு,

வணங்கி எழுதுகிறேன். முழங்கால் வலி தேவலையா? நான் சுகம்.

எழுத்து கோணலாக இருக்கிறதென்று பதறாதே. போன மாதம் கட்டடத்தில் சாரம் சரிந்து வலது கையில் சின்ன அடி, அவ்வளவுதான். இடது கையால் எழுதிப் பழகுகிறேன்.

நல்ல சேதி ஒன்று. கட்டட ஒப்பந்தக்காரர் லைசென்சுக்கு எழுத்துத் தேர்வு முன்பே முடிந்தது. நேற்று நேர்காணலிலும் தேறிவிட்டேன். அதிகாரி என் கையைப் பார்த்து, "எப்படிப்பா சுவர் கட்டுவே?" என்றார்.

"இனிமே நான் கட்ட மாட்டேன் சார், ஆள் வெச்சுக் கட்டுவேன்" என்றேன். அவர் சிரித்தார். நானும் சிரித்துவைத்தேன்.

பொத்தான் இல்லாத சட்டை இரண்டு தைத்து அனுப்பு. தலைவழியாக மாட்டிக்கொள்ளச் சுலபம்.

வேலைக்கு வண்டி வந்துவிட்டது. ஒன்று மறந்தேன்: யாரும் தொடக்கூடாதென்று பரணில் வைத்துவிட்டு வந்தேனே, சாந்து பூசும் என் பழைய கரணை, அதைத் தம்பி கேட்டால் கொடுத்துவிடு.

உன் மூத்தவன்