நாலாக உடைத்த மிட்டாய்

பிப்ரவரி 6
கதிர்வீச்சு முடிந்து ஐந்து மாதம். இவர் தொண்டையிலிருந்த கட்டி போய்விட்டது, கடவுளுக்கு நன்றி. கூடவே எச்சிலும் வற்றிவிட்டது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது. எலுமிச்சை மிட்டாய் வாயில் கிடந்தால்தான் பேச வருகிறது. சர்க்கரை அதிகமாகிவிடக் கூடாதே என்று ஒன்றை நாலாக உடைத்து, மணிக்கு ஒரு துண்டு தருகிறேன். இன்று மூன்று மிட்டாய், பன்னிரண்டு துண்டு.
"என்ன கணக்குப்பிள்ளை, அடுத்த துண்டுக்கு இன்னும் எத்தனை நிமிஷம்?" என்று கடிகாரத்தைக் காட்டிச் சிரிக்கிறார்.

மார்ச் 19
மூன்று மிட்டாய், பன்னிரண்டு துண்டு.

ஏப்ரல் 2
ரொட்டியைக் கடித்தார். முன்பல் ஒன்று முறிந்து கையோடு வந்தது. ரத்தமில்லை, வலியுமில்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

ஏப்ரல் 4
ஈறோரமெல்லாம் பழுப்பாக அரித்திருக்கிறதாம். முன்பல் ஆறும் தேறாது என்றார் பல் டாக்டரம்மா. கதிர்வீச்சு பட்ட எலும்பில் புண் ஆறாதாம். அதனால் பிடுங்காமல், ஈறு மட்டத்துக்கு அறுத்து வேரை உள்ளேயே விட வேண்டுமாம்.
இவரை எக்ஸ்ரே எடுக்க அழைத்துப் போனபோது டாக்டரம்மாவிடம் என் மிட்டாய்க் கணக்கு நோட்டை நீட்டினேன். பெருமையாகத்தான் நீட்டினேன்.
"மூணையும் ஒரே நேரத்துல தின்னிருந்தாக்கூட இவ்வளவு ஆகியிருக்காதும்மா. நமக்கு எச்சில் கழுவிவிடும். இவருக்கு அது இல்ல. மணிக்கொரு துண்டுன்னா, நாள் பூரா பல்லு புளிப்புலயும் சர்க்கரையிலயும் ஊறியிருக்கு. சர்க்கரை இல்லாத மிட்டாய் இருக்கே, யாரும் சொல்லலையா?"
அளவைத்தானே பார்த்தேன். எத்தனை தடவை என்று எண்ண வேண்டுமென எனக்கு யார் சொன்னார்கள்? — எண்ணியிருக்கேனே. பன்னிரண்டு, பன்னிரண்டுன்னு என் கையாலயே எழுதியிருக்கேனே!

ஏப்ரல் 5
இவரிடம் சொல்லவில்லை. பிரார்த்தனைக்கு உட்கார்ந்தேன். பாதியில் எழுந்துவிட்டேன்.

ஏப்ரல் 11
முதல் பல்லை அறுத்துவிட்டு வந்ததும் சொல்லிவிட்டேன்.
"நீ என்ன, வேணும்னேவா செஞ்சே?" என்று கேட்டார்.
பிறகு, "இனிமே நான் திங்கறதை எழுதாதே" என்றார். அவ்வளவுதான்.

மே 20
ஆறு பல்லும் அறுத்து முடிந்து ஒரு வாரம். மகள் குழந்தையோடு வந்தாள். குழந்தை இவர் செருப்பைத் தலையில் வைத்துக்கொண்டு தத்தித் தத்தி நடந்தது. இவர் சிரித்துவிட்டார். சட்டென்று கையால் வாயைப் பொத்திக்கொண்டார். ஏதோ புது விளையாட்டென்று, குழந்தையும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. மகள் கைதட்டினாள். நான் தண்ணீர் எடுக்க உள்ளே போனேன்.