பின்கதவுத் தாழ்ப்பாள்

3 ஜூலை 1957, புதன்

மழை வருவது போல இருட்டிக்கொண்டு வந்து ஏமாற்றிவிட்டது. ஒரே புழுக்கம். பாஸ்போர்ட் படம் வாங்கியாயிற்று. நான்கு பிரதி. நான்கிலும் திருட்டு முழி. அப்பாவுக்குத்தான் பெருமை தாங்கவில்லை. ஆஸ்பத்திரியில் தன்னிடம் கட்டுப்போட்டுக்கொள்ள வருகிறவனிடமெல்லாம், 'டிரசர் மகள் மெட்ராஸுக்குப் படிக்கப் போகிறாள்' என்று சொல்கிறாராம்.

அம்மா படத்தை வாங்கி வெகுநேரம் பார்த்தாள்.

"அப்படியே ராசு முகம்."

பிறகு, "அவனுக்கு வர்ற ஆவணியோட முப்பத்தொண்ணு."

படத்தைப் பிடுங்கி உள்ளே வைத்துவிட்டேன். நான் என்ன, ராசு அண்ணனின் மிச்சமா?

கப்பல் பதினெட்டாம் தேதி, போர்ட் சுவெட்டன்ஹாமிலிருந்து. அதைப் பற்றி அம்மா இன்னும் வாயே திறக்கவில்லை.

6 ஜூலை, சனி

அம்மை குத்தியதில் கை வீங்கிக் காய்ச்சல். கஞ்சி. மத்தியானம் படுத்திருக்கும்போது பின்பக்கம் யாரோ சைக்கிளைச் சுவரில் சாய்க்கும் சத்தம். சாய்க்கும்போது பெல் தானாக ஒருமுறை சிணுங்குமே, அதுவும் கேட்டது. எழுந்து போய்ப் பார்த்தேன். ஒருவரும் இல்லை. கதவு வழக்கம்போல் சும்மா சாத்திக் கிடந்தது.

அதற்கு அம்மா தாழ்ப்பாளே போடாமல் பதினாலு வருடம். வீட்டுக்கு ஓர் ஆள் வேண்டும் என்று ஜப்பான்காரன் கேட்டபோது அப்பா மலேரியாவில் கிடந்தார். "நான் போறேம்மா" என்று அண்ணன் கிளம்பினானாம், சயாமில் ரயில் பாதை போடும் வேலைக்கு. அந்தக் கதவு வழியாகத்தான். "போயிட்டு வாப்பா" என்றாளாம் அம்மா. எனக்கு ஐந்து வயது. ஞாபகம் இருப்பது அவன் சைக்கிள் சத்தம் மட்டும்.

கேட்டதை அம்மாவிடம் சொல்லவில்லை. சொன்னால் அவ்வளவுதான், கப்பலாவது ஒன்றாவது.

9 ஜூலை, செவ்வாய்

பெட்டிக்குள்: சேலை ஆறு, போர்வை, தலைவலித் தைலம், இறால் விழுது பெலாச்சான் ஒரு டின். (அப்பா: "கப்பலையே நாறடிக்கப் போறே!") அகராதி வைக்கவில்லை. கனம்.

சாயங்காலம் வீட்டுக்காரம்மா வந்தார். மீனாச்சி மக்சிக் (மக்சிக் என்றால் மலாயில் அத்தை), தலைமுறை தலைமுறையாக இங்கேயே இருக்கும் கம்போங் செட்டிக்காரர். தமிழில் சாமி பெயர்கள் மட்டும்தான் வரும், மற்றதெல்லாம் மலாய். திங்கட்கிழமை அவர் வீட்டில் பர்ச்சு; செத்துப்போனவர்களுக்கு இலை போட்டுப் பழம் படைப்பார்கள். வருடா வருடம் கேட்பதையே கேட்டார், ராசுவுக்கும் ஓர் இலை போடட்டுமா என்று. அம்மா தலையை மட்டும் ஆட்டினாள், வேண்டாம் என்று.

அவர் போனதும் அப்பா பொரிந்து தள்ளிவிட்டார். "செத்தவனுக்கு ஒரு பருக்கை கிடையாது இந்த வீட்டுல! கோயில்ல ஐயர்கிட்ட நான் பேசிட்டு வந்தா அதையும் கெடுக்கிறே!"

"செத்ததை நீங்க பாத்தீங்களா?"

அப்பா குடையை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

எனக்கும் பொறுக்கவில்லை. கேட்டே விட்டேன். "அம்மா, நான் போகட்டுமா வேணாமா? நீ வாய் திறந்து போயிட்டு வான்னு சொல்லாட்டி நான் கப்பல் ஏறமாட்டேன்."

அரிசி களைந்துகொண்டே இருந்தாள். வராதவனுக்குக் கதவைத் திறந்து வைப்பாளாம், இருக்கிறவளுக்கு ஒரு வார்த்தை கிடையாதாம். எழுதவே வெட்கமாக இருக்கிறது. ஆனால் அப்படித்தான் தோன்றியது.

11 ஜூலை, வியாழன்

தையல்காரரிடமிருந்து ரவிக்கைகள். ஒன்று இறுக்கிப் பிடிக்கிறது. மத்தியானம் மறுபடியும் சைக்கிள். காய்ச்சல் விட்டு மூன்று நாளாகிறது. இன்றைக்கு எதைச் சாக்குச் சொல்வது? எழுந்து போய்ப் பார்க்கவில்லை. பயம்.

15 ஜூலை, திங்கள்

அம்மா விடிந்ததும் தலைக்குக் குளித்தாள். ஒரு டுரியான் பழத்தைச் சாக்கில் சுற்றி எடுத்துக்கொண்டு, "நீயும் வா" என்றாள்.

மக்சிக் வீட்டு நடுவீட்டில் வரிசையாக இலைகள். ரம்புத்தான், மங்குஸ்தான், பலாச்சுளை. கண்ணைக் கரிக்கிற சாம்பிராணிப் புகை. வரிசையின் கடைசியில் அம்மா ஓர் இலையைப் போட்டாள். டுரியானைத் தன் கையாலேயே பிளந்து சுளைகளை எடுத்து வைத்தாள். அண்ணனுக்கு அது என்றால் உயிராம். எனக்கு இன்றுதான் தெரியும். மக்சிக் அந்த இலையோரம் ஒரு தம்ளர் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்.

கும்பிட்டுவிட்டு, அவர்கள் சாப்பிடட்டும் என்று எல்லாரும் வெளியே வந்து கதவைச் சாத்தினோம். வாசலில் நிற்கும்போது அம்மா என் பக்கம் திரும்பாமலே சொன்னாள்:

"ஒரே நேரத்துல ரெண்டு பேருக்குக் காத்துக்கிட்டு இருக்க என்னால ஆகாதுடி."

விரலில் ஒட்டியிருந்த டுரியானை முந்தானையில் துடைத்துக்கொண்டே, "நீ போயிட்டு வா."

அழுது தொலைத்தேன், அத்தனை பேர் முன்னாலும். உள்ளே சத்தம் ஒன்றும் இல்லை. காதைக் கொடுத்துக்கொண்டேதான் நின்றேன்.

16 ஜூலை, செவ்வாய்

நாளைக் காலையில் பஸ். பெட்டி மேல் ஏறி உட்கார்ந்து மூடியாயிற்று. பெலாச்சான் இரண்டு டின் ஆகியிருக்கிறது. அம்மா வேலை.

விளக்கு வைத்ததும் அம்மா பின்கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைத் தள்ளினாள். துரு. நகரவில்லை. விறகுக்கட்டையால் நாலு தட்டுத் தட்டிப் போட்டுவிட்டு, அடுப்படிக்குப் போனாள்.

அப்பா பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். மடித்து வைத்தார். எழுந்து போய் அதே கட்டையை எடுத்துத் தாழ்ப்பாளைத் தட்டித் திறந்துவிட்டார்.

"ஏம்ப்பா?"

"புழுக்கமா இருக்கு பாப்பா. திறந்தே கிடக்கட்டும்."

வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது.